டைல்ஸ் வேலையில் 10 வருஷ அனுபவம், கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லையா? 'ஆர்.பி.எல்.' மூலம் அரசு அங்கீகாரம் பெறுவது எப்படி? முழு விவரம்

ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸை நூல் பிடித்த மாதிரி வரிசையாகப் பதிப்பார்கள். பாத்ரூமில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுப்பார்கள். ஆனால் "இந்த வேலையை எங்க படிச்சீங்க? சர்ட்டிஃபிகேட் இருக்கா?" என்று கேட்டால் பதில் இருக்காது. தமிழ்நாட்டில் டைல்ஸ் வேலை பார்க்கும் பலருடைய நிலை இதுதான். சின்ன வயதில் சித்தாளாக சைட்டுக்குப் போய், மண் சலித்து, கலவை போட்டுக் கொடுத்து, மேஸ்திரி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில் இது.

வேலை தெரியும், காகிதம் இல்லை என்பதற்கு ஒரு விலை உண்டு. பெரிய கட்டுமான நிறுவனங்களில் நேரடியாகச் சேர முடியாது. வெளிநாடு போனால் விசாவில் 'லேபர்' என்று போட்டு, தொழில் தெரியாத ஆளுக்கான சம்பளத்தையே கொடுப்பார்கள். செய்யும் வேலை என்னவோ டைல்ஸ் மேஸ்திரி வேலையாகத்தான் இருக்கும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆர்.பி.எல். என்ற முறை இருக்கிறது. அது என்ன, யாருக்குக் கிடைக்கும், தேர்வில் என்ன கேட்பார்கள், கிடைத்த சான்றிதழால் என்ன பயன் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஆர்.பி.எல். என்றால் என்ன?

'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஆர்.பி.எல். ஒருவர் வகுப்பறையில் கற்றாரா, சைட்டில் கற்றாரா என்று பார்க்காமல், இப்போது அவருக்கு வேலை தெரியுமா என்பதை மட்டும் சோதித்துச் சான்று கொடுக்கும் முறை இது.

இந்தியாவில் இதற்கு அடித்தளம் 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய திறன் தகுதிக் கட்டமைப்பு. எந்த வேலைக்கு எந்த அளவு அறிவும் திறமையும் தேவை என்று அது நிலை நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டுமானத் துறை வேலைகளுக்கான தரத்தை வகுப்பது இந்திய கட்டுமானத் திறன் மேம்பாட்டு கவுன்சில். பொதுக் கொத்தனாருக்குத் தனி, டைல்ஸ் கொத்தனாருக்குத் தனி, மார்பிள், கிரானைட் பதிப்பவருக்குத் தனி என்று தகுதிகள் பிரிக்கப்பட்டுள்ளன. 'மேசன் டைலிங்' என்ற தகுதிக்கு இந்தக் கட்டமைப்பில் 4ஆம் நிலை கொடுக்கப்பட்டது. சொல்வதை மட்டும் செய்யும் உதவியாளருக்கான நிலை அல்ல இது. தானே அளந்து, தானே திட்டமிட்டு, தரத்துக்குப் பொறுப்பேற்கும் கைவேலைக்காரருக்கான நிலை.

2015 ஜூலையில் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம், அதாவது பி.எம்.கே.வி.ஒய். மூலம் ஆர்.பி.எல். பரவலானது. புதிதாகப் பயிற்சி கொடுப்பது ஒரு பிரிவு என்றால், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களை மதிப்பிடுவது இன்னொரு பிரிவு. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு, ஸ்கில் இந்தியா திட்டங்களுக்கு 8,800 கோடி ரூபாய் ஒதுக்கி, மத்திய அமைச்சரவை 2025 பிப்ரவரியில் ஒப்புதல் தந்தது.

ஐ.டி.ஐ. சான்றிதழும் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. ஐ.டி.ஐ.யில் 'மேசன்' பிரிவு ஓராண்டுப் படிப்பு. தேர்வு எழுதி முடித்தால் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். ஆர்.பி.எல். ஒரு குறிப்பிட்ட வேலைக்கான திறன் சான்றிதழ். அரசு வேலை அறிவிப்பில் 'ஐ.டி.ஐ. முடித்திருக்க வேண்டும்' என்று போட்டிருந்தால், ஆர்.பி.எல். சான்றிதழை மட்டும் காட்டி விண்ணப்பிக்க முடியாது.

அனுபவத்தை வைத்து ஐ.டி.ஐ. சான்றிதழே வாங்க முடியுமா என்றால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. தனித்தேர்வராக அகில இந்திய தொழிற்தேர்வு எழுதலாம். வயது, படிப்பு, எத்தனை ஆண்டு அனுபவம் என்ற நிபந்தனைகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை வெளியிடும். பள்ளிப் படிப்புச் சான்று கையில் இருப்பவர்கள் இந்த வழியையும் விசாரித்துப் பார்ப்பது நல்லது. பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்களுக்கு ஆர்.பி.எல்.தான் எளிது.

யாருக்குக் கிடைக்கும்? என்ன ஆவணம் வேண்டும்?

பி.எம்.கே.வி.ஒய். திட்டத்தின் 4ஆம் கட்டத்தில் ஆர்.பி.எல்.லுக்கான வயது 18 முதல் 59 வரை. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அந்த வேலையில் முன் அனுபவம் இருக்க வேண்டும். ஆதார் எண், ஆதாரோடு இணைந்த செல்போன் எண், வங்கிக் கணக்கு விவரம், போட்டோ ஆகியவை தேவைப்படும்.

அனுபவத்துக்கு ஆதாரம் என்ன காட்டுவது? கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் நல்ல ஆதாரம். அதில் தொழில் 'கொத்தனார்' என்றோ 'டைல்ஸ்' என்றோ பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டை இல்லாதவர்கள் காண்ட்ராக்டரிடமோ இன்ஜினீயரிடமோ கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சின்ன விஷயம்தான், ஆனால் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆதாரில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலும், பிறந்த தேதியில் வெறும் வருடம் மட்டும் இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்துவிட வேண்டும். பிற்காலத்தில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடும்போது பிரச்சினை வராது.

எப்படி நடக்கும்? படிப்படியாக

முதல் படி, ஆள் சேர்ப்பு. தொழிலாளர்கள் அதிகமாக இருக்கும் இடத்தில் முகாம் போட்டோ, கட்டுமான நிறுவனத்தின் சைட்டிலேயோ, பயிற்சி மையத்திலோ இது நடக்கும். கூட்டமாக வேலை பார்க்கும் சைட் என்றால் நிறுவனமே ஏற்பாடு செய்யக் கேட்கலாம்.

இரண்டாவது படி, ஆலோசனையும் முன் பரிசோதனையும். எத்தனை வருஷமாக வேலை, என்னென்ன வேலை தெரியும் என்று கேட்டு, எந்தத் தகுதிக்குப் பொருத்தமானவர் என்று முடிவு செய்வார்கள். சுவர் டைல்ஸ் மட்டும் தெரிந்தவர், தரை டைல்ஸ் மட்டும் தெரிந்தவர் இங்கேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது படி, அறிமுக வகுப்பு. திட்டத்தின் முந்தைய கட்டத்தில் இது 12 மணி நேரமாக இருந்தது. அதில் 6 மணி நேரம் தொழில் சார்ந்தது, 4 மணி நேரம் பேச்சு, பழக்கம், தொழில் முனைவு பற்றியது, 2 மணி நேரம் தேர்வு எப்படி இருக்கும் என்று விளக்குவது. நேரக் கணக்கு கட்டத்துக்குக் கட்டம் மாறும்.

நான்காவது படி, இறுதி மதிப்பீடு. பயிற்சி கொடுத்தவரே மதிப்பெண் போட முடியாது. வேறொரு மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். கேள்வி-பதில், செய்முறை, வாய்மொழி என்று தேர்வு இருக்கும்.

ஐந்தாவது படி, சான்றிதழ். க்யூ.ஆர். குறியீட்டோடு டிஜிட்டல் சான்றிதழ் வரும். டிஜிலாக்கரிலும் எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறைத் தேர்வில் என்ன பார்ப்பார்கள்?

கொடுத்த இடத்தில் நாலு டைல்ஸ் ஒட்டிக் காட்டிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. முதல் டைல்ஸை எடுப்பதற்கு முன்னால் செய்யும் வேலைகளுக்கே தனி மதிப்பெண் உண்டு.

தளத்தைச் சுத்தம் செய்கிறாரா, ரசமட்டமோ டியூப் லெவலோ வைத்து மட்டம் பார்க்கிறாரா, மூலை சரியான கோணத்தில் இருக்கிறதா என்று சோதிக்கிறாரா என்பதைக் கவனிப்பார்கள். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பது கொத்தனார்களுக்குப் பழகிய கணக்குதான். அதை மதிப்பீட்டாளர் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும்.

அடுத்தது, கலவை வைக்காமல் டைல்ஸை வெறுமனே அடுக்கிப் பார்ப்பது. வெட்டுத் துண்டு எங்கே விழும், வாசல் பக்கம் முழு டைல்ஸ் வருமா என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு பதிப்பது, ஸ்பேசர் வைப்பது, ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் சேர்ப்பது, கட்டர் போட்டு வெட்டுவது, குழாய்க்கு ஓட்டை எடுப்பது, கடைசியாக இணைப்புகளை நிரப்பித் துடைப்பது. முடிந்த வேலையில் மட்டப்பலகை வைத்துப் பார்ப்பார்கள். நாணயத்தாலோ சுத்தியல் காம்பாலோ தட்டிப் பார்ப்பார்கள். 'பொள்' என்று சத்தம் வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று அர்த்தம்.

கணக்கும் கேட்பார்கள். 11 அடிக்கு 13 அடி அறைக்கு ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் எத்தனை வேண்டும்? 143 சதுர அடி. ஒரு டைல்ஸ் 4 சதுர அடி. ஆக 36 டைல்ஸ். வெட்டும்போதும் உடைந்தும் வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 40. பெட்டிக்கு 4 என்றால் 10 பெட்டி. தினமும் மனக்கணக்கில் போடுவதுதான், வாய்விட்டுச் சொல்லத் தெரிய வேண்டும்.

அனுபவசாலிகள் எங்கே மதிப்பெண்ணை இழக்கலாம்?

சைட் பழக்கம் வேறு, எழுதி வைத்த தரம் வேறு. 20 வருஷ அனுபவம் உள்ளவருக்கும் இந்த நாலு இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, விட்ரிஃபைடு டைல்ஸுக்கு வெறும் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டுவது. பழைய செராமிக் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும், அதனால் சிமெண்ட் பிடித்துக்கொண்டது. விட்ரிஃபைடு டைல்ஸ் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. சிமெண்ட் உள்ளே இறங்காது. அதனால்தான் சுவரில் ஒட்டிய பெரிய டைல்ஸ் சில வருடத்தில் கழன்று விழுகிறது. இதற்கென உள்ள ஒட்டுப்பசைகளுக்கு ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. எந்த டைல்ஸுக்கு எந்த வகைப் பசை, எவ்வளவு தண்ணீர், கலந்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது மூட்டையிலேயே அச்சாகியிருக்கும். அதைப் படிக்கவோ, படிக்கச் சொல்லிக் கேட்டு வைத்துக்கொள்ளவோ வேண்டும்.

இரண்டு, நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை வைத்து ஒட்டுவது. வேலை வேகமாக முடியும். ஆனால் இடையில் காலி விழும், கனமான பொருள் விழுந்தால் டைல்ஸ் உடையும். பல் வைத்த கரண்டியால் பசையைச் சீராக இழுத்துப் பரப்புவதுதான் எதிர்பார்க்கப்படும் முறை.

மூன்று, இடைவெளியே விடாமல் டைல்ஸோடு டைல்ஸை நெருக்கிப் பதிப்பது. "ஜாயிண்டே தெரியக் கூடாது" என்று வீட்டுக்காரர்கள் கேட்பதால் வந்த பழக்கம் இது. வெயிலில் விரிவடைய இடம் இல்லாவிட்டால் டைல்ஸ் கூடாரம் மாதிரி மேலெழும்பிவிடும்.

நான்கு, பாதுகாப்பு. கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தாலே மதிப்பெண் குறையும். இதற்கு உண்மையான காரணம் மதிப்பெண்ணைவிடப் பெரியது. டைல்ஸ் வெட்டும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெட்டுப்போய் 'சிலிக்கோசிஸ்' வரும். வந்தால் குணமாக்க மருந்து கிடையாது. தண்ணீர் விட்டு வெட்டுவதும், முகத்தில் சரியாகப் பொருந்தும் கவசம் போடுவதும் தேர்வோடு முடியும் பழக்கமாக இருக்கக் கூடாது.

தேறவில்லை என்றால்?

செய்து கொண்டிருக்கும் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை. டைல்ஸ் பதிக்க இந்தியாவில் லைசென்ஸ் கட்டாயம் இல்லை. எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மறுமதிப்பீட்டுக்கு வாய்ப்பு உண்டா என்பதைப் பெயர் கொடுக்கும்போதே விசாரித்து வைப்பது நல்லது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேள்விகளைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சான்றிதழ் வந்தால் கூலி கூடுமா?

மறுநாளே கூடிவிடாது. உள்ளூரில் சதுர அடி ரேட்டை முடிவு செய்வது காண்ட்ராக்டரும் வீட்டுக்காரரும்தான். அவர்கள் பார்ப்பது முன்பு செய்த வேலையைத்தான். "சர்ட்டிஃபிகேட்டை வெச்சு என்ன பண்றது, வேலையைக் காட்டு" என்பார்கள்.

பலன் வேறு இடங்களில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் சேரும்போது 'ஹெல்பர்' என்று இல்லாமல் திறன் பெற்ற தொழிலாளியாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்க ஒரு பிடி கிடைக்கும். குறைந்தபட்சக் கூலியில் திறன் உள்ளவர், திறன் இல்லாதவர் என்ற பிரிவினை இருப்பதால் இந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு. சொந்தமாக காண்ட்ராக்ட் எடுக்க நினைப்பவர்கள் வங்கியில் கடன் கேட்கும்போதும் தொழிலுக்கான ஆதாரமாகக் காட்டலாம். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட 25 தொழில்களில் கட்டட வேலையும் ஒன்று. 35 வயது நிரம்பியவர்கள் மானியத்தோடு 3 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கலாம்.

வெளிநாட்டில் இந்தச் சான்றிதழ் செல்லுமா?

இங்கேதான் ஏமாற்று அதிகம். ஆர்.பி.எல். சான்றிதழ் ஒன்றை மட்டும் காட்டினால் எந்த நாட்டிலும் கதவு தானாகத் திறந்துவிடாது.

சவூதி அரேபியா தனக்கென ஒரு திறன் சரிபார்ப்புத் தேர்வு வைத்திருக்கிறது. பிளம்பர், எலெக்ட்ரீஷியன் போன்ற சில வேலைகளில் தொடங்கி, பிறகு பல வேலைகளுக்கு விரிவாக்கப்பட்டது. இந்தியாவிலேயே மையங்களில் எழுதலாம். ஆர்.பி.எல்.லுக்குத் தயாரானவருக்கு இந்தத் தேர்வு பழக்கமானதாக இருக்கும், அவ்வளவுதான்.

பிரிட்டனில் சைட்டுக்குள் நுழையவே பொதுவாக சி.எஸ்.சி.எஸ். கார்டு கேட்பார்கள். அனுபவம் உள்ள டைல்ஸ் தொழிலாளி வேலை செய்யும் இடத்துக்கே மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, என்.வி.கியூ. 2ஆம் நிலைத் தகுதி கொடுப்பார். அதோடு பாதுகாப்புத் தேர்விலும் தேறினால் நீல நிறக் கார்டு கிடைக்கும். முதலாளியின் பரிந்துரையை வைத்து வாங்கிய பழைய வகைக் கார்டுகள் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டன. தகுதித் தேர்வு இல்லாமல் அனுபவத்தைச் சொல்லி மட்டும் காலம் தள்ள முடியாது என்பதுதான் அங்கே நிலை.

ஆஸ்திரேலியாவில் சுவர், தரை டைல்ஸ் வேலைக்கு 'சர்ட்டிஃபிகேட் 3' தகுதி. அங்கும் ஆர்.பி.எல். உண்டு. போட்டோ, வீடியோ, சம்பள ரசீது, முதலாளி கடிதம் எல்லாம் ஆதாரமாகக் கேட்பார்கள். விசாவுக்கான திறன் மதிப்பீடு தனி.

இலங்கையில் என்.வி.கியூ. தகுதிகள் 7 நிலைகளாக உள்ளன. நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை மூலம் அனுபவசாலிகள் மதிப்பீட்டுக்குப் போகலாம்.

இன்னொரு விஷயம். 10ஆம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற இ.சி.ஆர். நிலை இருக்கும். ஆர்.பி.எல். சான்றிதழால் மட்டும் அது நீங்காது.

சித்தாளாகவே நிற்கும் பெண்கள்

கட்டட வேலையில் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சித்தாள் வேலைதான். மேஸ்திரிக்குப் பக்கத்தில் 15 வருஷம் நின்ற ஆண் மேஸ்திரி ஆகிவிடுவார். அதே 15 வருஷம் நின்ற பெண் சித்தாளாகவே இருப்பார், கூலியும் அப்படியே. ஆனால் கலவைப் பதம், ஜாயிண்ட் நிரப்புவது, துடைப்பது, ஸ்கர்ட்டிங் ஒட்டுவது எல்லாம் பலருக்கும் அத்துப்படி.

ஆர்.பி.எல்.லில் ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. செய்முறை தெரிந்தால் 'கொத்தனார்' என்றே சான்றிதழ் வரும். நேரடியாகத் தேர்வுக்குப் போகத் தயக்கம் இருந்தால், நல வாரியத்தில் பதிவு செய்த தொழிலாளர்களுக்கு அரசு நடத்தும் திறன் பயிற்சியில் முதலில் சேரலாம். வேலை இழப்பை ஈடுகட்ட தினப்படி கொடுத்து நடத்தப்படும் பயிற்சி அது.

ஏமாறாமல் இருக்க

"3,000 ரூபாய் குடுங்க, தேர்வே வேண்டாம், சர்ட்டிஃபிகேட் வீட்டுக்கு வரும்" என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. அரசுத் திட்டத்தின் கீழ் நடக்கும் ஆர்.பி.எல்.லுக்குத் தொழிலாளி பணம் கட்டத் தேவையில்லை. திட்டத்தின் 2016-2020 கட்டத்தில் தேறியவர்களுக்கு 500 ரூபாய் அரசே கொடுத்தது.

க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து, பெயரும் வேலையும் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு வேலை என்றால் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜெண்டின் பதிவு எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்று உச்சவரம்பு இருக்கிறது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது.

எங்கே கேட்பது?

ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் தளத்தில் செல்போன் எண்ணை வைத்துப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம், அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ., தொழிலாளர் நல வாரிய அலுவலகம் ஆகியவற்றில் அடுத்த முகாம் எப்போது என்று கேட்கலாம்.

முகாம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்று முடிக்கும் வேலையிலிருந்தே தொடங்கலாம். தளம் தயார் செய்தது, பாதி வேலை, முடிந்த வேலை என்று ஒவ்வொரு சைட்டிலும் மூன்று போட்டோ எடுத்து, ஊர், மாதம், எத்தனை சதுர அடி என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் இன்ஜினீயரிடம் நாலு வரி கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளூர் முகாமோ, வெளிநாட்டு மதிப்பீடோ, புது வீட்டுக்காரரோ, யார் கேட்டாலும் காட்ட அந்தக் கோப்பு கையில் இருக்கும்.